கள்ளத்தொண்டை என்று ஒதுக்கிய குரல்: கர்நாடக இசை கற்ற ஒருவர் பாப் பாடப் பழகிய பத்து மாதம்

பின்னணி

இதில் வரும் பாடகியின் சம்மதத்தோடு எழுதுகிறேன். அவரை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன்.

என்னிடம் வந்தபோது அவருக்கு 24 வயது. 7 வயதில் பாட்டு வகுப்பில் சேர்ந்தவர், அதன் பிறகு நிறுத்தவே இல்லை. சுருதி, அதாவது பாட்டுக்கு ஆதாரமான ஷட்ஜம், ஐந்தரைக் கட்டை (கீபோர்டில் ஜி ஷார்ப்). டிசம்பர் சீசனில் மதிய நேரக் கச்சேரிகள் சில செய்திருந்தார். சென்னையில் ஒரு வாடிக்கையாளர் சேவை நிறுவனத்தில் வேலை. அலுவலக நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு பேண்ட் ஆரம்பித்திருந்தார்கள். சினிமாப் பாட்டுகளைப் பாப் பாணியில் மாற்றி வாசிப்பார்கள், நடுவே சில ஆங்கிலப் பாட்டுகளும் உண்டு. பாட ஆள் வேண்டும் என்றதும் இவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

இரண்டு ரிகர்சல் முடிந்ததும் கீபோர்டு வாசிப்பவர், "சுதி, தாளம் எல்லாம் கரெக்ட். ஆனா என்ன பாடினாலும் பக்திப் பாட்டு மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டார். அதைச் சரிசெய்யத்தான் என்னிடம் வந்தார். ஏழு வாரத்தில் ஒரு கல்யாண வரவேற்பில் நான்கு பாட்டுகள் பாட வேண்டியிருந்தது.

நானும் கர்நாடக இசையிலிருந்து மெல்லிசைக்கு வந்தவள்தான். வீட்டு மாடியில் ஒரு சின்ன அறை, ஒரு கீபோர்டு, ஒரு டைனமிக் மைக், ஒரு ஸ்பீக்கர் வைத்துக் குரல் பயிற்சி கொடுக்கிறேன். இந்த வகை மாணவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன் என்ற நினைப்பு எனக்கு இருந்தது. அந்த நினைப்புதான் பிறகு வழியை மறித்தது.

முதல் வகுப்பில் கண்டது

பேண்ட் தேர்ந்தெடுத்திருந்த முதல் பாட்டு டி மைனரில் இருந்தது. சரணம் கீழே தொடங்கும். கோரஸ் மேல் ஸ்தாயி டி வரை ஏறும், அதாவது நடு சி-யை ஒன்று என்று எண்ணினால் ஒன்பதாவது வெள்ளைக் கட்டை. பாடச் சொன்னேன். சுதி சுத்தமாக இருந்தது. மைக்கை ஒரு முழத்துக்கு அப்பால் பிடித்துக்கொண்டு, பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை நிறையப் பாடினார். ஸ்பீக்கர் தேவையே இல்லாத அளவுக்குச் சத்தம். நீண்டு நிற்க வேண்டிய சுரங்களெல்லாம் கம்பிதமாக, அதாவது சுரத்தை ஆட்டிப் பாடும் கமகமாக, அசைந்தன. கோரஸ் வந்ததும் தாடை மேலே போனது, கழுத்து நரம்பு தெரிந்தது.

இன்னொன்றும் கவனித்தேன். கீபோர்டில் மேஜர் கார்டு பிடித்தால் அதன் மேல் அவருடைய காந்தாரம் ஒரு மயிரிழை கீழே நின்றது. அவர் காதில் பிழை இல்லை. தம்புராவோடு இயல்பாகச் சேரும் அந்தர காந்தாரம், கீபோர்டின் சம இடைவெளிச் சுரத்தைவிட ஏறக்குறைய 14 சென்ட் தாழ்வு. செமிடோன் ஒன்றுக்கு 100 சென்ட். பல வருடம் தம்புராவோடு பாடிய காது அந்த இடத்தைத்தான் தேடும்.

அன்று என் நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டது இரண்டே வரி: கமகத்தைக் குறைக்கணும், கோரஸுக்கு பெல்ட் (மேல் சுரங்களையும் கனமான முழுக்குரலில் பாடுவது) பழக்கணும். சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. நல்ல கணீர்க் குரல் என்று சந்தோஷப்பட்டேன் என்பதுதான் உண்மை.

எடுத்த முடிவும் அதன் காரணமும்

கமகத்தைக் குறைப்பது சுலபம், அதை முதலில் முடிப்போம் என்று நினைத்தேன். கோரஸில் வரும் மேல் சுரங்கள் அவர் எட்டாதவை அல்ல. ஐந்தரைக் கட்டையில் தார ஸ்தாயி (மேல் ஸ்தாயி) பஞ்சமம் வரை போய்வருபவர், இந்தக் கோரஸின் உச்சத்தைத் தாண்டியே பாடியிருக்கிறார். அதனால் ஸ்கேலை மாற்றும், அதாவது பாட்டையே கீழே இறக்கும், பேச்சையே எடுக்கவில்லை. கீபோர்டுக்காரர் ட்ராக் எல்லாம் டி மைனரில் தயார் செய்து வைத்திருந்தார், அவரோடு மல்லுக்கு நிற்கவும் மனமில்லை.

நான் யோசிக்காத வேறுபாடு ஒன்று இருந்தது. ராக ஆலாபனையில் தார ஸ்தாயிக்குப் போனால் சற்று நின்று, கமகத்தில் உருண்டு, கீழே இறங்கிவிடலாம். எங்கே மூச்சு வாங்குவது என்பதும் பாடுபவர் இஷ்டம். பாப் பாட்டின் கோரஸ் அந்த உயரத்திலேயே எட்டு வரி நிற்கும், மூன்று முறை திரும்பும், மெட்ரோநோம் காத்திருக்காது. உச்சியிலுள்ள அந்த டி சுரத்தில் குரல் நாண்கள் நொடிக்கு 587 முறை மோதிக்கொள்கின்றன. கனமாக அழுத்திப் பாடினால் ஒவ்வொரு மோதலும் அடிதான்.

இரண்டாம் வகுப்பில் "ஊ" என்று மெல்லக் கீழிருந்து மேலே வழுக்கிப் போகச் சொன்னேன். பாதியில் குரல் மெலிந்து லேசானதும் சிரித்துக்கொண்டே நிறுத்திவிட்டார். "அக்கா, இது கள்ளத்தொண்டை. எங்க டீச்சர் காதுல விழுந்தா அவ்வளவுதான்."

நானும் சிரித்தேன். என் குருவும் அதே வார்த்தையால் என்னைத் திட்டியிருக்கிறார். சரி, அது வேண்டாம், பேசும்போது வரும் கனமான குரலை, செஸ்ட் வாய்ஸையே, பலப்படுத்துவோம் என்று விட்டுவிட்டேன். இந்தப் பத்து மாதத்தில் நான் செய்த பெரிய பிழை அந்த ஒரு நிமிடத்தில் நடந்தது.

அந்த வார்த்தைக்கு ஒரு பின்கதை உண்டு. மைக் வராத காலத்து நாடக மேடையில் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டுமென்றால் உச்சஸ்தாயியில் முழுக்குரலில் பாடியாக வேண்டும். கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் அப்படிப் பேரெடுத்தவர்கள். மெலிந்த குரலில் மேலே போவது அந்த மேடையில் ஏமாற்று வேலை. பிறகு மைக் வந்தது, சினிமாவில் பின்னணிப் பாட்டு வந்தது. ஏ.எம். ராஜா மாதிரி ஒரு மென்குரல் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் அறைகளில் மட்டும் பழைய கடைசி வரிசை இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

முதல் ஆறு வாரம்

கமகம் மூன்றே வாரத்தில் கட்டுக்குள் வந்தது. தம்புரா ஆப்பை நிறுத்திவிட்டு, கீபோர்டில் கார்டு ஒலிக்க விட்டு, ஒரே சுரத்தை எட்டு அட்சரம் அசையாமல் பிடிக்கச் சொன்னேன். பிறகு பாட்டின் வரியை முதலில் பேச வேண்டும், பேசிய அதே அழுத்தத்தில் பாட வேண்டும். "கா" என்ற எழுத்து தாளத்தில் விழ வேண்டிய இடத்தில் அவருக்கு "ஆ" மட்டும் விழுந்துகொண்டிருந்தது. அகாரம் பாடிய பழக்கம் அது. மெய்யெழுத்தைச் சரியான இடத்தில் வைத்ததும் பாட்டு வேறு பாட்டானது. கீபோர்டுக்காரர் போன் செய்து பாராட்டினார்.

கோரஸ் மட்டும் வாரத்துக்கு வாரம் சத்தம் கூடியது. "இன்னும் ஓப்பனா" என்று ரிகர்சலில் கேட்டார்கள், நானும் கேட்டேன். ஐந்தாம் வாரம் வகுப்பு முடிந்து செருப்பு மாட்டும்போது, "பாடி முடிச்சா தொண்டை எரியுது அக்கா" என்றார். மிளகுப் பால் குடி, பனங்கற்கண்டு வாயில் போட்டுக்கொள் என்றேன். குடிப்பது உணவுக்குழாயில்தான் போகிறது, குரல் நாண்களைத் தொடுவதுகூட இல்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் பாட்டி வைத்தியம்தான் வாயில் வந்தது. அன்றே நிறுத்தியிருக்க வேண்டும்.

வரவேற்பு மேடை

ஏழாம் வார ஞாயிறு, கல்யாண மண்டபம். நானும் போயிருந்தேன். மேடையில் இருப்பவர்களுக்குக் கேட்பதற்காக வைக்கும் ஸ்பீக்கர், மானிட்டர், ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதுவும் டிரம்ஸ் பக்கம் திரும்பியிருந்தது. பாடுபவருக்குத் தன் குரல் தனக்கே கேட்கவில்லை. சுற்றிலும் இரைச்சல் இருந்தால் நாம் அறியாமலே குரலை உயர்த்துவோம். இதை லொம்பார்ட் விளைவு என்பார்கள். மைக் கையிலிருந்தும் அவர் முழு மண்டபத்துக்கும் நேரடியாகப் பாடினார். நான்கு பாட்டும் நன்றாகவே போயின. கைதட்டல், செல்ஃபி, பந்தியில் சாப்பாடு.

திங்கள் காலை குரல் இல்லை. இருந்தும் வேலைக்குப் போனார். புதன் வகுப்புக்கு வந்தபோது பேச்சே கரகரப்பாக இருந்தது. மேல் ஷட்ஜத்தை மிக மெதுவாகப் பாடச் சொன்னேன். முதலில் காற்று மட்டும் வந்தது, சற்றுத் தாமதித்துத்தான் ஒலி பிடித்தது. சத்தமாகப் பாடினால் வருகிறது, மெதுவாகப் பாடினால் வரவில்லை என்றால் குரல் நாண்களில் வீக்கம் இருக்கக்கூடும். வகுப்பை அங்கேயே நிறுத்தி, காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்கச் சொன்னேன்.

மருத்துவர் அறை

அடுத்த வாரம் துணைக்கு நானும் போனேன். நாண்களின் அதிர்வை மெதுவாக்கிக் காட்டும் ஸ்ட்ரோபோஸ்கோப் வைத்துப் பார்த்ததில் இரண்டு நாண்களிலும் ஒரே இடத்தில், முன்பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில், மென்மையான வீக்கம். அதிக மோதல் விழும் இடம் அது. இன்னும் இறுகி முடிச்சாகவில்லை, அறுவை சிகிச்சை எல்லாம் வேண்டாம், குரல் சிகிச்சை போதும் என்றார் மருத்துவர். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார்: "ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் பேசுவீங்க?"

பாடகி விரல் விட்டு எண்ணினார். எட்டு மணி நேர வேலையில் ஐந்து மணி நேரமாவது போன் பேச்சு. காலையில் முக்கால் மணி நேரம் சாதகம். சனி, ஞாயிறு வீட்டில் 12 குழந்தைகளுக்குப் பாட்டு வகுப்பு, அவர்களோடு சேர்ந்து சத்தமாகப் பாடிக்காட்டுவார். வாரம் இரண்டு ரிகர்சல். அதற்கு மேல் என் வகுப்பு. பக்கத்து நாற்காலியில் இருந்த எனக்கு இதில் பாதி புதுச் செய்தி. என்ன வேலை என்று கேட்டிருந்தேன், அந்த வேலையில் வாயைத் திறந்து என்ன செய்கிறாய் என்று கேட்கவில்லை.

மருத்துவமனையின் பேச்சு சிகிச்சையாளரிடம் எட்டு முறை போனார். முழு மௌனம் விதிக்கவில்லை, பேச்சைக் குறைக்கச் சொன்னார்கள். கிசுகிசுப்பாகவும் பேசக் கூடாது, அழுத்திக் கிசுகிசுத்தால் அதுவும் சுமைதான். ஸ்ட்ராவைத் தண்ணீரில் சில சென்டிமீட்டர் முக்கிக் குமிழி விட்டுக்கொண்டே "ஊ" என்று ஒலிக்கும் பயிற்சி கொடுத்தார்கள். வாய்ப்பக்கம் உருவாகும் எதிர் அழுத்தத்தில் நாண்கள் லேசாக மோதப் பழகும். வேலையில் இரண்டு காதையும் மூடும் ஹெட்செட்டை மாற்றி ஒரு காதுக்கு மட்டும் போடச் சொன்னார்கள். தன் குரல் கேட்காததால் அங்கேயும் கத்திப் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

வீட்டுக்கு வரும் வழியில் எனக்கு எல்லாம் ஒரே வரிசையில் தெரிந்தது. போனில் சத்தம், குழந்தைகளிடம் சத்தம், சாதகத்தில் சத்தம், மேடையில் சத்தம். நான் கமகத்தை எடுத்துவிட்டு அந்தச் சத்தத்தின் மேல் இன்னும் கொஞ்சம் ஏற்றியிருக்கிறேன்.

மறுபடி தொடங்கியது

ஆறு வாரம் பாட்டே இல்லை. பேண்ட் வேறு ஆளை வைத்துச் சமாளித்தது. பதினான்காம் வாரம் மருத்துவர் அனுமதியோடு தொடங்கினோம். இந்த முறை மைக்கிலிருந்து ஆரம்பித்தேன்.

கணக்கு எளிது. வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் பாதியானால் மைக்குக்குப் போகும் ஒலி ஏறக்குறைய 6 டெசிபல் கூடும். 20 சென்டிமீட்டரிலிருந்து 5 சென்டிமீட்டருக்கு வந்தால் 12 டெசிபல். அத்தனை உழைப்பைத் தொண்டையிலிருந்து இறக்கி வைத்துவிடலாம். நெருங்கிப் பாடும்போது இந்த வகை மைக் கீழ் அதிர்வுகளையும் கூட்டிக் கொடுக்கும், குரல் தடித்துக் கேட்கும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் காதில் சொல்வது போலப் பாடு, மீதியை ஸ்பீக்கர் பார்த்துக்கொள்ளும் என்றேன். முதல் இரண்டு வகுப்பு அவருக்கு அவமானமாக இருந்தது. "இது பாடுறதே இல்லையே அக்கா, முனகுற மாதிரி இருக்கு" என்றார். ரெக்கார்டிங்கைப் போட்டுக் காட்டியதும் பேசாமல் இரண்டு முறை கேட்டார்.

மெலிந்த குரல் மட்டும் வர மறுத்தது. "ஊ" என்றாலே தொண்டை பூட்டிக்கொண்டது. வார்த்தையை மாற்றினேன், உதடுகளைப் படபடக்க விட்டுப் பாடும் லிப் ட்ரில் கொடுத்தேன், பெரிய பலனில்லை. ஒரு நாள் அவருடைய அக்கா குழந்தையைப் பற்றிப் பேச்சு வந்தது. குழந்தையை எப்படித் தூங்க வைப்பாய் என்று கேட்டேன். யோசிக்காமல் ஆராரோ பாடினார். மேல் ஸ்தாயியில், லேசாக, நூல் போல, ஒரு நடுக்கமும் இல்லாமல். நான் கீபோர்டில் சுரத்தைத் தொட்டுக் காட்டினேன். கோரஸில் கழுத்து நரம்பு புடைக்கும் அதே சுரம்.

அந்தக் குரல் அவரிடம் எப்போதும் இருந்திருக்கிறது. தொட்டில் பக்கத்தில் அதைத் திட்ட யாரும் இல்லை. அதன் பிறகு அதற்குக் கள்ளத்தொண்டை என்றும் ஹெட் வாய்ஸ் என்றும் பெயர் சொல்லவில்லை. தாலாட்டுக் குரல் என்றே வகுப்பில் சொல்வோம். அதை மேலிருந்து கீழே கொண்டுவந்து, பேச்சுக் குரலோடு சந்திக்கும் இடத்தில் கலக்கப் பழகினோம். சந்திக்கும் இடத்தில் ஒரு விரிசல் விழும். விழட்டும், சத்தம் போட்டு மூடாதே என்பது மட்டும்தான் விதி. கலவை ஓரளவு நிலைக்க மூன்று மாதத்துக்கு மேல் ஆனது. இந்த மூன்று மாதத்தில் எழுதும்படி வேறொன்றும் நடக்கவில்லை. ஒரே பயிற்சி, வாரம் இரண்டு முறை, அரை மணி நேரம்.

ஸ்கேல் தகராறு

டி மைனரை மூன்று செமிடோன் இறக்கி பி மைனரில் பாடலாம் என்று பேண்டிடம் நானே போய்ப் பேசினேன். கீபோர்டுக்காரருக்கு ட்ரான்ஸ்போஸ் பட்டன் இருக்கிறது. கிடார்காரருக்குத்தான் கஷ்டம், திறந்த டி தந்தியை வைத்துக் கட்டிய அவருடைய ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சின்ன வாசிப்பு) போய்விடும். ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு வேறு ரிஃப் போட்டார், பழையதைவிட எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

ஸ்கேல் இறங்கியதில் எதிர்பாராத லாபம் சரணத்தில் வந்தது. முன்பு அவர் சத்தமாகப் பாட முடியாமல் விழுங்கிய மந்தர சுரங்கள், இப்போது மைக்குக்கு இரண்டு விரல் தூரத்தில் பாட்டின் நல்ல பகுதியாகிவிட்டன. பக்திப் பாட்டு வாசனை முழுக்கப் போனது அங்கேதான்.

குருவின் கருத்து

எட்டாம் மாதம் ஒரு வீட்டில் மைக் இல்லாமல் நவராத்திரிக் கச்சேரி. அவருடைய பாட்டு டீச்சர் கேட்டுவிட்டு, "சாரீரம் உள்ளே போயிடுச்சு. மந்தர பஞ்சமம் மட்டும் முன்னைக்கு நல்லா நிக்குது" என்று சொன்னாராம். குரல் வெளியே எட்டவில்லை, கீழ் ஸ்தாயி மட்டும் தேறியிருக்கிறது என்று அர்த்தம். அதை மறுக்க எனக்கு வழியில்லை. மாதக்கணக்கில் சத்தத்தைக் குறைத்தால் அறை நிறைக்கும் பழக்கமும் குறையத்தான் செய்யும். டீச்சரிடம் நான் போய்ப் பேசினேன், மருத்துவர் அறிக்கையைக் காட்டினேன். கச்சேரி இருக்கும் வாரத்தில் பேண்ட் ரிகர்சல் இல்லை, காலைச் சாதகத்தில் பாதி நேரம் கீழ் காலத்தில் மெதுவாக என்று ஒத்துக்கொண்டார். தாலாட்டுக் குரலைப் பற்றி அவரிடம் நான் வாய் திறக்கவில்லை.

விளைவு

பத்தாம் மாத முடிவில் மறுபரிசோதனை. ஒரு நாணில் வீக்கம் இல்லை, மற்றதில் மிகச் சிறிதாக இருந்தது. இப்போது மாதம் இரண்டு நிகழ்ச்சி பாடுகிறார். மேடை ஏறும் முன் மானிட்டரைத் தானே திருப்பி வைக்கிறார். காதில் போடும் மானிட்டர் ஒன்று வாங்கியிருக்கிறார். குழந்தைகளுக்குப் பாடிக்காட்டுவதற்குப் பதில் கீபோர்டில் வாசித்துக்காட்டுகிறார். வேலை அதே வேலைதான்.

எல்லாம் சரியானது என்று சொல்ல முடியாது. கோரஸ் இன்னும் உயரமான ஒரு பாட்டைப் பேண்ட் வேறொரு பாடகருக்குக் கொடுத்துவிட்டது. அந்த வருத்தம் அவருக்கு இருக்கிறது.

மாற்றிச் செய்வது

புதிதாக யார் வந்தாலும் இப்போது முதல் வகுப்பில் பாடச் சொல்வதில்லை. ஒரு வாரத்தில் குரலை எங்கெங்கே செலவழிக்கிறார்கள் என்று மணிக்கணக்கில் எழுதி வாங்குகிறேன். ஆசிரியர்கள், போன் வேலைக்காரர்கள், பாட்டு டியூஷன் எடுப்பவர்கள் என்றால் வகுப்பு நேரத்தையே குறைக்கிறேன். மெதுவாக மேல் ஷட்ஜம் வருகிறதா என்பதை ஒவ்வொரு வகுப்பின் தொடக்கத்திலும் பார்க்கிறேன், அரை நிமிட வேலை. எரிச்சல் என்று சொன்னால் அன்றைக்குப் பாட்டு இல்லை. கரகரப்பு இரண்டு மூன்று வாரம் தாண்டினால் மருத்துவர்.

ஸ்கேல் முதல் நாளே முடிவாக வேண்டும், பேண்ட் என்ன சொன்னாலும். மைக்கும் முதல் நாளே. கமகத்தை இப்போது நான் அவசரமாகத் தொடுவதில்லை. சத்தம் குறைந்தாலே அதில் பாதி தானாக அடங்கிவிடுவதைப் பிறகு வந்த இரண்டு மாணவர்களிடம் பார்த்தேன். நிகழ்ச்சித் தேதியை வைத்துப் பயிற்சியைத் திட்டமிட்டதும் தவறு. அந்த வரவேற்பில் நான்குக்குப் பதில் கீழ் ஸ்தாயியில் இரண்டு பாட்டு மட்டும் பாடலாம் என்று நான் சொல்லியிருந்தால் பேண்ட் கேட்டிருக்கும் என்றே இப்போதும் நினைக்கிறேன்.

சென்ற வாரம் அந்த முதல் பாட்டை சி மைனரில் முயன்று பார்த்தோம். கோரஸின் முதல் இரண்டு திரும்பல் தாலாட்டுக் குரல் கலந்து நன்றாக வந்தது. மூன்றாவதில் தாடை மேலே போனது, நிறுத்திவிட்டோம். இந்த மாதமும் பி மைனர்தான்.